அஞ்சுக்கு அஞ்சு

எங்க ஆபீசுல கேள்வியக்கான்னா எல்லாருக்கும் உள்ளூர ஒரு பயம். எனக்கும் உண்டு, என் வாய்க்குத்தான் கிடையாது. வீடு வீடாப் போய்க் கேள்வி கேக்குறவள், அதனால அவள் கேள்வியக்கா. ஓயாமப் பேசுறதால நான் வாயாடி. எங்க ரெண்டு பேரையும் ஒரு ஜோடியாப் போட்டு வெயில்லயும் மழையிலயும் சேர்த்து அனுப்பினான் ஒரு புண்ணியவான். அவன் நல்லா இருக்கட்டும்.

என்ன வேலைன்னு சொன்னா சிரிப்பீங்க. சின்னக் குழந்தைங்க பள்ளி இருக்கில்ல, மூணு வயசு நாலு வயசுப் பிள்ளைங்களை விட்டுட்டுப் போறது, அங்க இருக்குற டீச்சரும் வீட்டுல இருக்குற அம்மா அப்பாவும் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு ஒத்தாசையா இருக்காங்கன்னு அளக்கணும். கேள்வித்தாள் எங்கிருந்தோ வந்தது. பல நாட்டுல, பல பாஷையில, பல சனங்ககிட்ட இதே கேள்விகளைத்தான் கேக்குறாங்களாம். 'குழந்தையைப் பற்றிய கவலையை அவரிடம் தயங்காமல் சொல்வீர்களா?' இப்படி நீளமாப் போகும். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும். "துணியை அளக்கலாம், மண்ணெண்ணெயை அளக்கலாம், இதை எந்தப் படியிலடி அளப்பீங்க?"ன்னு என் வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டார். சம்பளம் வருதில்ல, சும்மா இருங்கன்னேன்.

வேலை செய்யுற விதம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாட்டி மீதிக் கதை புரியாது. ஒரே நாள், ஒரே நேரத்துல, அக்கா வீட்டுக்குப் போவாள், நான் பள்ளிக்குப் போவேன். ஒரே கேள்விகளை அவள் அம்மாகிட்டயும் நான் டீச்சர்கிட்டயும் கேப்போம். ஆளுக்கொரு உறையில போட்டு ஒட்டிடுவோம். அம்மா சொன்னது டீச்சர் காதுக்கோ, டீச்சர் சொன்னது அம்மா காதுக்கோ போகக் கூடாது. அது மட்டுமா? அக்காவுக்குத் தெரிஞ்சது எனக்கும், எனக்குத் தெரிஞ்சது அக்காவுக்கும்கூடப் போகக் கூடாது. ஒரே பஸ்ல வருவோம், ஒரே பெஞ்சில உட்கார்ந்து ஒரே டப்பாவுல இருக்குற ரொட்டியைப் பிச்சுத் தின்போம், ஆனா மடியில இருக்குற உறையைப் பத்தி மூச்சு விடக் கூடாது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க! வாய்க்குள்ள சுடுசோறு வெச்ச மாதிரி.

ரெண்டு உறையிலயும் அஞ்சு அஞ்சா விழுந்தா மார்க் சாருக்கு வாயெல்லாம் பல். மார்க் சார்னா எங்க மேலதிகாரி. மார்க்கைத் தவிர வேற எதுவும் அவர் கண்ணுல படாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சண்டைக்கார அம்மா இருந்தாள். தினம் காலையில பள்ளி வாசல்ல நின்னு, "என் பையன் நேத்து ஏன் ஒத்தைக் கால் சாக்ஸோட வந்தான்?"னு ஆரம்பிப்பாள். டீச்சரும் லேசுப்பட்டவங்க இல்ல. "இன்னொண்ணை மீன் தொட்டியில போட்டான், வீட்டுல அப்படித்தான் பழக்கமா?"ன்னு திருப்பிக் கொடுப்பாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போட்டது ரெண்டு மார்க். மார்க் சார் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பையன் ஒரு தும்மல் போட்டா வீட்டுலயும் தெரியும், பள்ளியிலயும் தெரியும். அதுக்கு எங்க தாள்ல இடம் இல்ல.

அக்கா சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேல ஒத்தை ரூம்ல இருந்தாள். புருஷன் எப்பவோ போய்ச் சேர்ந்தார். மகன் தூர ஊர்ல வேலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். அவன்கிட்டயும் கேள்விதான். சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, அதே வரிசை, அதே குரல். "அக்கா, அவன்கிட்டயும் அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டு எழுதிக்கிறியா?"ன்னு கேட்டேன். முறைச்சாள். அப்புறம் திரும்பிக்கிட்டுச் சிரிச்சாள், எனக்குத் தெரியாம.

சட்டத்தை அவள் அப்படிப் புடிச்சுக்கிட்டு நின்னதுக்குக் காரணம் உண்டு. நான் வர்றதுக்கு முன்னாடி, ஒரு அம்மா அவள்கிட்ட, "டீச்சர் என் பையனைக் கிள்ளுறாங்க"ன்னு சொல்லி அழுதிருக்காள். அக்கா நல்லது பண்றதா நினைச்சு டீச்சர்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லியிருக்காள். டீச்சர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்களாம். மறுநாள்லேருந்து அந்தப் பையன் மூலையில தனியா உட்கார்ந்தான். அம்மா பள்ளியை விட்டே நிறுத்திட்டாள். வீட்டைப் பூட்டி உள்ள வெச்சுட்டு வேலைக்குப் போயிருக்காள். அவன் அடுப்புல இருந்த வெந்நீரை இழுத்து மேல ஊத்திக்கிட்டான். "நான் ஒரு வார்த்தை சொன்னேன்டி, ஒரே வார்த்தை"ன்னு அக்கா இதை என்கிட்ட ஒரு தரம்தான் சொன்னாள். அதுக்கப்புறம் அவள் வாயைத் திறக்க வைக்க யாராலயும் முடியலை.

அப்பத்தான் சுட்டி வந்தாள்.

சுட்டின்னு பேர் வெச்சது நான். மூணு வயசு இருக்கும். வேற நாட்டுலேருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா கப்பல் வேலைக்குப் போயிட்டு எப்பவாவதுதான் வருவார். அம்மாவுக்கு ஒரு பெரிய சலவை நிலையத்துல வேலை. நம்ம பாஷை அரைகுறையாத் தெரியும். நான் முதல் தடவை பள்ளிக்குப் போனப்ப சுட்டி என் பையைத் திறந்து, பேனாவை எடுத்து, என் முழங்கால்ல கோடு போட்டு, "வண்டி"ன்னாள். அடுத்து மேசை மேல ஏறினாள். அங்கிருந்து குதிச்சாள். டீச்சர், "வேண்டாம் கண்ணு, வேண்டாம் கண்ணு"ன்னு பின்னாலயே ஓடினாங்க. கொசுவைக்கூடக் கொஞ்சம் தள்ளி உட்காருன்னு கெஞ்சுற ரகம் அவங்க. அப்பவே எல்லாத்துக்கும் அஞ்சு போட்டாங்க. "ரொம்ப மரியாதையான அம்மா. ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டதில்ல. நம்மளும் அவங்க வீட்டு விஷயத்துல தலையிடக் கூடாது பாருங்க. அவங்க பழக்கவழக்கம் வேற."

ரெண்டாவது தடவை போனப்ப சுட்டி மேசை மேல ஏறலை. சுவத்தோரம் உட்கார்ந்திருந்தாள். நானாப் பையைத் திறந்து பேனாவை நீட்டினேன். வாங்கினாள், பிடிக்கத் தெம்பில்லாம விட்டாள். "இப்ப ரொம்ப சமத்தாயிட்டா"ன்னு டீச்சர் பெருமையாச் சொன்னாங்க.

பஸ்ல ஏறினதும் ஆரம்பிச்சேன். "அக்கா, அந்தச் சுட்டி வீட்டுல எப்படி..."

"வாயை மூடு."

"இல்லக்கா, உடம்புக்கு ஏதாவது..."

"வாயாடி, ஒட்டின உறையை உன் வாயாலயே கிழிக்காதே. குழந்தைக்கு அம்மா இருக்கா, டீச்சர் இருக்காங்க. நீ யாரு?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அன்னிக்கு மிச்ச வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தேன். அவள் உறையை மடியில வெச்சுக்கிட்டு அதோட ஓரத்தைக் கட்டைவிரலால தடவித் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தாள். அவளுக்கும் ஏதோ உறுத்தியிருக்கு.

ஆபீசுல சுட்டியோட அம்மாவும் டீச்சரும்தான் முதல் இடம் பிடிச்ச ஜோடி. ரெண்டு பக்கமும் எல்லாத்துக்கும் அஞ்சு. "பாஷை வேற, நாடு வேற, ஆனா மனசு ஒண்ணு"ன்னு மார்க் சார் ஒரு பெரிய கூட்டத்துல பேசினாராம். கைதட்டினாங்களாம்.

மூணாவது தடவை போன அன்னிக்கு விடிஞ்சதிலேருந்தே மழை. பள்ளிக்குள்ள விளக்குப் போட்டிருந்தாங்க. ஈரத் துணி வாடை. மத்தப் பிள்ளைங்க சாப்பிட்டுட்டுப் பாயில புரண்டுக்கிட்டிருந்தது, ஒண்ணை ஒண்ணு எட்டி உதைச்சுக்கிட்டு. சுட்டி மட்டும் ஓரத்துல மல்லாந்து கிடந்தாள். அவள் பையோட பக்கவாட்டுப் பையில பழுப்பு நிறத்துல ஒரு பாட்டில். பெரிய பாட்டில்.

"என்ன டீச்சர் இது?"

"சளி மருந்து. எப்பவோ சளி பிடிச்சப்ப அம்மா பையில வெச்சு அனுப்பினாங்க. நானும் கொடுத்தேன். அப்புறம் காலியாகக் காலியாகப் புதுசு வந்துக்கிட்டே இருக்கு. கொடுக்கணும்னுதானே அனுப்புறாங்க? மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மூடி. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப ஒரு மூடி, அம்மா வேலை முடிச்சுக் களைச்சு வருவாங்க பாருங்க."

"இப்ப சளி இருக்கா?"

"இல்லையே."

"அம்மாகிட்டக் கேட்டீங்களா?"

டீச்சர் பதறிட்டாங்க. "ஐயையோ, அவங்களைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடாதா?"

நான் எழுந்து போய் சுட்டியோட கன்னத்தைத் தொட்டேன். சில்லுன்னு இருந்தது. மூச்சு வந்தது, நின்னது, நான் பயந்துபோனதும் மறுபடி வந்தது. தோளைப் பிடிச்சு ஆட்டினேன். கண் பாதி திறந்து அப்படியே மூடிக்கிச்சு. "எழுப்பாதீங்க, பாவம், இப்பத்தான் அசந்திருக்கா"ன்னு டீச்சர் போர்வையை இழுத்து விட்டாங்க. அவசர அவசரமா உறையை ஒட்டினதுல பசை விரலெல்லாம் ஆயிடுச்சு.

பஸ் நிறுத்தம் பள்ளிக்கு எதிர்லதான். அக்கா முன்னாடியே வந்து பெஞ்சில உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறந்து வெச்சிருந்தாள், சாப்பிடலை. சுட்டியோட அம்மாவுக்கு அன்னிக்கு லீவு. லீவு நாள்லயும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிடுவாள், அனுப்பாட்டி டீச்சர் தப்பா எடுத்துப்பாங்கன்னு பயம். அந்த வீட்டுலேருந்துதான் அக்கா வந்திருந்தாள்.

நான் உட்காரலை. "அக்கா, திட்டுறதுன்னா திட்டிக்கோ. வேலை போனாலும் போகட்டும். அந்தக் குழந்தையைத் தூங்க வெச்சே கொன்னுடுவாங்க போல. மத்தியானம் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி, பழுப்பு பாட்டில்லேருந்து எடுத்து..."

"என்ன சொன்னே?"

"மருந்துக்கா. டீச்சர் கொடுக்கிறாங்க."

அக்கா சட்டுன்னு நிமிர்ந்தாள். "மத்தியானமா?"

"ஆமா."

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த உதடு பிரியறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அவள் வீட்டுல காலையில ரெண்டு மூடி கொடுத்து அனுப்புறாடி"ன்னாள்.

டப்பா கீழே விழுந்தது. அக்கா ரோட்டைப் பார்க்கலை, மழையைப் பார்க்கலை. அவள் ஓடி நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. வண்டிக்காரன் ஒருத்தன் பிரேக் போட்டுட்டுக் கண்டபடி திட்டினான். நாங்க உள்ள போனப்ப டீச்சர் மத்தியானம் மருந்து கொடுத்த மூடியைக் கழுவிக்கிட்டிருந்தாங்க. அக்கா நேராப் பாய்க்குப் போய், சுட்டியைத் தூக்கித் தோள்ல போட்டாள். அந்தத் தலை துணி மாதிரி தொங்கிச்சு. உதடு நீலமா இருந்தது.

டீச்சரையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், டீச்சர் சொன்னதை எல்லாம் வழியிலயே அக்காகிட்டக் கொட்டிட்டேன். அங்க குழந்தையை உள்ள தூக்கிட்டுப் போனாங்க. நான் வாடகை வண்டி பிடிச்சுப் போய் அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் அழலை. "டீச்சர் கோபமா? டீச்சர் கோபமா?"ன்னு அதையேதான் கேட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறிச்சு. உன் குழந்தை உள்ள மூச்சு விடத் திணறுதும்மா, டீச்சர் கோபம் உனக்கெதுக்குன்னு கத்தணும்போல இருந்தது. கத்தலை. அவள் கை என் கையைப் பிடிச்சிருந்த பிடியில எலும்பு நொறுங்கிடும் போல இருந்தது.

வராந்தாவுல டாக்டர் வந்து நின்னார். "என்ன கொடுத்தீங்க? எவ்வளவு? எப்பல்லாம்? சீக்கிரம் சொல்லுங்க."

அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "டீச்சருக்குத் தெரியும்"னாள்.

டீச்சர், "அம்மா சொன்னா சரியா இருக்கும்"னாங்க.

இதைக் கேட்டுட்டு நான் சிரிக்கிறதா அழறதா? ஒருத்தி மனசு ஒருத்தி கோணக் கூடாதுன்னு அங்கேயும் வழி விட்டு நிக்கிறாங்க, குழந்தை உள்ள கிடக்கு. டாக்டர், "யாராவது வாயைத் திறங்க!"ன்னு கத்தினார்.

அக்கா முன்னால வந்தாள். குரல் அதே குரல், கேள்வித்தாளை வாசிக்கிற குரல். "காலையில ரெண்டு மூடி, வீட்டுல. இந்த அம்மா கொடுத்தது. குழந்தை தூங்கினா டீச்சருக்குச் சந்தோஷம்னு நினைச்சுக் கொடுத்தது. மத்தியானம் ஒரு மூடி, பள்ளியில. இந்த டீச்சர் கொடுத்தது. பாட்டில் வருதே, அம்மா கொடுக்கச் சொல்றாங்கன்னு நினைச்சுக் கொடுத்தது. சாயங்காலமும் கொடுக்கிறதுண்டு." டாக்டர் அதைக் கேட்டுக்கிட்டே உள்ள ஓடினார்.

அம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அம்மாவைப் பார்த்தாங்க. இத்தனை நாள்ல அவங்க நேருக்கு நேர் பார்த்துக்கிட்டது அன்னிக்குத்தான்னு நினைக்கிறேன். அம்மா அரைகுறை பாஷையில, "பாட்டில் சீக்கிரம் காலி. நீங்க கொட்டிட்டுக் காலி பாட்டிலைத் திருப்பி அனுப்புறீங்கன்னு நினைச்சேன். காலையில ஒரு மூடி போதலை, வீட்டுல இன்னும் கொடுன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்"னாள். டீச்சர் சுவத்துல சாய்ஞ்சு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு பொம்பளைங்களும் பேசாத பேச்சை எல்லாம் அந்தப் பாழாப்போன பாட்டில் பேசியிருக்கு.

சுட்டி பிழைச்சுக்கிட்டாள். மறுநாள் மத்தியானம்தான் கண்ணு திறந்தது. அதுவரைக்கும் அக்கா அந்த வராந்தா பெஞ்சை விட்டு எழுந்திருக்கலை. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை, நான் அவள் ரூம்ல இருந்தப்ப மகன் போன் பண்ணினான். இவள் எடுத்து, வழக்கமான கேள்வியை எல்லாம் விட்டுட்டு, "சின்ன வயசுல உன்னைப் பள்ளியில விட்டுட்டுப் போவேனே, அங்க உன்னை என்னடா பண்ணினாங்க? நான் கேட்டதே இல்லையே"ன்னாள். அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் அழுதாள்.

விஷயம் ஆபீசுக்குப் போச்சு. மார்க் சார் எங்க மூணாவது சுற்று உறைகளைத் திறந்து பார்த்தார். ரெண்டுலயும் எல்லாத்துக்கும் அஞ்சு. உயிர் போக இருந்த அன்னிக்குப் போட்ட அஞ்சு! அதைப் பார்த்துட்டும் அந்த மனுஷன் சொன்னது என்ன தெரியுமா? "இவ்வளவு நல்ல ஜோடியைக் கலைச்சுட்டீங்களேம்மா. இனிமே இவங்க மார்க் எதுக்கும் உதவாது. ரகசியத்தை உடைச்சவங்களை வேலையில வெச்சுக்க முடியாது."

அக்கா அவரோட சண்டை போடலை, உடைச்சது நான் மட்டும்தான்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாள். அடையாள அட்டையைக் கழட்டி மேசை மேல வெச்சாள். அப்புறம் உறை அடுக்கியிருக்குற இரும்பு அலமாரியைக் காட்டினாள். "சார், அதைத் திறங்க. ரெண்டு மூணுன்னு இருக்குறதை விடுங்க, அவங்க சண்டை போட்டுப்பாங்க. ரெண்டு பக்கமும் அஞ்சா இருக்குறதை எல்லாம் வெளிய எடுங்க. முதல்ல அந்த வீடுகளுக்கு ஆள் அனுப்புங்க."

"எல்லா அஞ்சும் அப்படியா இருக்கும்?"ன்னார்.

"எது அப்படி, எது அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாள் அக்கா. அவள் போனதும் அவர் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

நானும் அன்னிக்கே அட்டையை விட்டெறிஞ்சிருப்பேன். அக்காதான் தடுத்தாள். "நீ போயிட்டா அந்த வீடுகளுக்கு யாருடி போவா?"ன்னாள். இப்ப வீட்டுப் பக்கம் எனக்கு. பள்ளிப் பக்கம் ஒரு புதுப் பொண்ணு, என்ன பேசினாலும் காதைப் பொத்திக்கிறாள், சட்டம் படிச்சிருக்காள்.

நேத்து ஒரு வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, சுத்தமான தரை, வாசல்ல சின்னச் சின்னச் செருப்பு. அம்மா சிரிச்ச முகமா நாற்காலி போட்டாங்க. போன ரெண்டு தடவையும் இவங்க பக்கம் எல்லாத்துக்கும் அஞ்சுன்னு அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் முதல் கேள்வியை வாசிச்சு முடிக்கலை, அதுக்குள்ள, "டீச்சர் தங்கமானவங்க. ஒரு குறையும் இல்ல. எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கோங்க"ன்னாங்க.

"டீச்சர்கிட்டக் கடைசியா எப்பப் பேசினீங்க?"ன்னு கேட்டேன். அது தாள்ல இல்லாத கேள்வி.

"பேசறதுக்கு என்ன இருக்கு? அவங்களுக்குத் தெரியாததா?"

"குழந்தை எங்கே?"

"பள்ளியிலேருந்து வந்ததும் படுத்துட்டான். உள்ள தூங்குறான். இப்பல்லாம் ரொம்ப சமத்து."

பேனாவை மூடினேன். "எழுப்புங்கம்மா"ன்னேன்.

அவங்க சிரிச்சாங்க. "பாவம், தூங்கட்டுமே."

"எழுப்புங்க!"ன்னு கத்திட்டேன்.

சிரிப்பு நின்னது. என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு உள்ள போனாங்க. திரைக்கு அந்தப் பக்கம் செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறது கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாங்க. அப்புறம் சத்தமாக் கூப்பிட்டாங்க. நான் செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள ஓடினேன்.